முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் நூலக வாசிப்பு அறைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் இன்றோடு புது லினக்ஸ் இயங்குதளம் போட்டு முடித்தாயிற்று. நெட்வொர்க் வழியாகத்தான். ஒவ்வொரு பெட்டியாகப் போய்ப் பென் டிரைவைச் செருகி, குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்று போவதற்குப் பதில், என் அறை சர்வரில் ஒரே ஒரு தடவை தயார் செய்து வைத்தால் போதும். கணினியைப் போட்டதும் அது கேபிள் வழியே வந்து தனக்கு வேண்டியதைத் தானே எடுத்து நிறுவிக்கொள்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமை நூலகர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அதுங்க வேலை செய்யுது, நீ உக்காந்திருக்கே?"

"அப்படி உக்காரத்தான் சார் போன வாரம் பூரா ஓடினேன்."

சிரித்துவிட்டுப் போனார். நல்ல நாள்.

வீட்டுக்கு வந்தால் இவர் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாவலில் இருந்தார். மொழிபெயர்ப்பு முக்கால்வாசி முடிந்துவிட்டதாம். பதிப்பகத்துக்கு மே மாதம் கொடுக்க வேண்டும். கண் போன பிறகு எடுத்த முதல் பெரிய வேலை. கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, இனிமேல் எழுத்து வேலை கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். இவர் அப்படி நினைக்கவில்லை. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, ஒரு வருஷம் முட்டி மோதி, மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரலுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்திருக்கிறார். எதைத் தொட்டாலும் வாதாடுகிறாளாம்.

ஆனால் அந்தக் கணினி! எழுந்து நிற்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பழைய விண்டோஸ். பாதுகாப்பு அப்டேட் நின்று எத்தனையோ மாதமாகிறது. ஊரார் கணினிக்கெல்லாம் நான் வைத்தியம் பார்க்கிறேன், என் வீட்டில் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

பிப்ரவரி 8, சனி

பெரிய நாத்தனாருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்தது. ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு வருகிறேன் என்று இவர் கிளம்பினார். "நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"சமைக்க ஆள் இருக்கு, துடைக்க ஆள் இருக்கு. அவ புலம்புறதைக் கேக்கத்தான் ஆள் இல்ல. அதுக்குக் காது போதும்."

பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். காலி வீடு. காலி நாற்காலி. அந்தக் கணினி.

ஒரு யோசனை வந்திருக்கிறது. சொல்லாமல் செய்து வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்!

பிப்ரவரி 9, ஞாயிறு

எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். இந்த வசதிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் எதையும் தொடாமல், வாடகைக்கு வீடு பார்க்க வந்ததுபோல் ஒரு நடை நடந்து பார்க்கலாம். ஸ்பீக்கர் பேசியது. வைஃபை பிடித்தது. திரை படிக்கும் மென்பொருள் அதிலேயே இருக்கிறது, தமிழும் பேசியது. குரல் கொஞ்சம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் இருந்தது. பழகிவிடும்.

நிறுவு என்று கொடுத்ததும் வழக்கமான கேள்வி வந்தது. பழையதன் பக்கத்திலேயே வைக்கவா, முழுவதையும் அழித்துவிட்டு வைக்கவா, இல்லை நீயே இடம் பிரித்துக் கொள்கிறாயா?

பக்கத்தில் வைக்கலாம்தான். ஆனால் டிஸ்க் சின்னது, இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அதோடு, ஒவ்வொரு தடவை போடும்போதும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்டு நிற்கும். அந்த இடத்தில் குரல் இருக்காது. கண் தெரியாதவருக்கு அது பெரிய தொல்லை இல்லையா? சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவதுதான் நல்லது.

நாவல் கோப்புகள், பழைய மொழிபெயர்ப்புகள், கடிதங்கள், புகைப்படங்கள், பாட்டு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். எடுத்ததை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு. அழுத்தினேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

குதிரை மாதிரி ஓடுகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தார். குளித்தார். டீ குடித்தார். அக்கா எந்தெந்த நர்ஸைத் திட்டினாள் என்று நடித்துக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் பரபரத்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினார். உடனே, கண் மூடித் திறப்பதற்குள், அந்தத் தகரக் குரல் வரவேற்றது.

இவர் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

"யாரு இது?"

"புதுசு. வேகத்தைப் பாத்தீங்களா? லினக்ஸ் போட்டிருக்கேன். உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, ஒண்ணு விடல."

ஏதோ இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னொன்று. இன்னொன்று. குரல் சம்பந்தமில்லாமல் ஏதேதோ சொன்னது.

"வக்கீலம்மா எங்கே?"

"அந்தக் குரல் இதுல வராதுங்க. இது பழகிடும்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பயணக் களைப்பு என்று போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் ஐந்து மணி. இவர் அந்த நேரத்தில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம் என்று. "இந்த விசை இதுக்கு, அந்த விசை அதுக்கு" என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ எதையெல்லாம் எடுத்து வச்சே?" என்றார்.

பட்டியல் போட்டேன்.

"என் உச்சரிப்பு அகராதி?"

"அது எங்க இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும், எங்க இருந்துச்சுன்னு? வக்கீலம்மாவுக்குள்ள இருந்துச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தமிழில் ஒரே ஒரு 'ப'. பாட்டிலும் அதுதான், பாபுவிலும் அதுதான். நமக்குக் கண் பட்டதும் நாக்குக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. நாவலில் வரும் வெளிநாட்டுப் பேர்கள், ஊர்கள், கப்பல் பாகங்கள் எல்லாவற்றையும் எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று இவர் ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கண் போன நாளிலிருந்து. ஒரு வார்த்தை பிசகினால் நிறுத்தி, திருத்தி, மறுபடி கேட்டு. அது மட்டுமில்லை. மூலத்தில் ஒரு வாக்கியம், தமிழில் அதே இடம், அங்கிருந்து இங்கே தாவ ஒரு விசை. சந்தேகமான இடத்தில் குறி வைக்க ஒரு விசை. குறி வைத்த இடத்துக்குத் திரும்ப ஒன்று. எல்லாம் இவரே பூட்டி வைத்தது. அதெல்லாம் விண்டோஸ் ஒளித்து வைக்கும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் இருந்திருக்கிறது. அந்த ஃபோல்டரை நான் பார்த்தேன். பார்த்தேன்! குப்பை என்று விட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேங்க."

"கேட்டிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தொலைத்திருப்பேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நூலகத்தில் யாரோ ஒரு பெண்மணி, புது கணினி ரொம்ப வேகமாக இருக்கிறது என்று பாராட்டினார். தலையை ஆட்டிவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போனேன். பெஞ்சில் ஈரமான ஃபோன்களோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டியா? மேல புது சிஸ்டமும் போட்டாச்சா?" என்றார்.

"ஆமா."

"பழைய மாதிரி சுத்துற டிஸ்க்கா இருந்தா சுரண்டிப் பாக்கலாம். இது அழிக்கச் சொன்ன இடத்தைத் தானே துடைச்சு வச்சிடும். உங்களுக்குத் தெரியாததா, நீங்க இந்த லைன்ல இருக்கிறவங்கதானே?"

தெரியும். தெரிந்துதான் போனேன். வேறு யாராவது வேறு மாதிரி சொல்ல மாட்டார்களா என்று.

போன வருஷம் பழைய டிஸ்க்கைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு இதை வாங்கிப் போட்டவளும் நான்தான். கொஞ்சமாவது வேகம் வரட்டும் என்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

பழைய விண்டோஸையே திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். மறுபடி எதையும் அழிக்க மனம் வராமல், லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கற்பனைக் கணினியை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸ். வீட்டுக்குள் வீடு. உள்ளே இருப்பது ஏறுவதற்குள் வெளியே இருப்பது திணறியது. ஒரு விசை அழுத்தினால் அரை மூச்சு கழித்துத்தான் பேசுகிறது. காதால் வேலை செய்கிறவருக்கு அரை மூச்சு என்பது என்ன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதின எழுத்து விழுந்ததா, விழவில்லையா என்றே தெரியாமல் இவர் தடவிக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மாவின் குரலையும் தேடினேன். தனியாகக் காசு கொடுத்து வாங்கின குரல் அது. விற்றவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். சாவி எண் பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. அதைச் சரிபார்க்க வேண்டிய இடம்தான் உலகத்தில் இல்லை.

"கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"ம்."

ஆள் செத்தால் சொல்கிற மாதிரி ஒரு "ம்".

பிப்ரவரி 25, செவ்வாய்

மகள் ஃபோன் செய்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அப்பா செல்லம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"ஏம்மா, நல்லதுக்குத்தானே பண்ணே?"

"நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"அப்புறம் என்ன, அப்பா சரியாயிடுவாரு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கே எழுதினால்தான் புரிகிறது. இவர் என்மேல் கோபப்படவில்லை. கோபம் தணியும். இது வேறு. நான் அறைக்குள் நுழைந்தால் இவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். தன்னையறியாமல்தான். நான் ஏதோ எடுத்துப் போய்விடுவேன் என்பதுபோல.

மார்ச் 1, சனி

கடைசியாக ஒரு வழி. விண்டோஸையே ஒரு வெளி டிஸ்க்கில் போட்டு, அதைச் செருகினால் அது, எடுத்தால் லினக்ஸ். இரண்டு வாசல். இதில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஓட வைத்துவிட்டேன். அகராதியையும் நானே நாவலைப் பார்த்துப் பார்த்துத் தயாரித்துத் தருகிறேன் என்றேன்.

"உனக்கு எந்தப் பேரு எப்படிச் சொல்லணும்னு தெரியுமா?"

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

யோசித்தார். பிறகு கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "விடும்மா. நீ எவ்வளவு ஓடினாலும் அது நீ போட்ட வீடா இருக்கும். நான் அங்க எங்க சுவர் இருக்குன்னு தடவிக்கிட்டே இருக்கணும்."

டிஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

மதிய இடைவேளையில் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். அதே லினக்ஸ், அதே குரல். ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதுதானே என் பிழைப்பு.

முடியவில்லை. கோப்பு திறந்ததா என்றே தெரியவில்லை. குரல் சொல்வது பாதி காதில் விழுவதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டேன். எங்கே நிற்கிறேன் என்று தெரியாதபோது ஒரு விசையை அழுத்தவே பயமாக இருக்கிறது. கடைசியில் எழுதினதை எங்கேயோ சேமித்தேன், எங்கே என்று தெரியாது.

கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால் என் வரி நூலகரின் கடிதத்துக்கு நடுவில் கிடந்தது.

அன்றைக்கு நானும் சோதித்துத்தானே பார்த்தேன். நன்றாக இருக்கிறது, எல்லாம் பேசுகிறது என்று. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு.

மார்ச் 10, திங்கள்

பதிப்பக அம்மா ஃபோனில் வந்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு தூரம் வந்திருக்குங்க?"

"அங்கேயேதான் நிக்குது."

"கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா? ஒரு மாசம்?"

"ஒரு மாசத்துல ஆகாதும்மா. முன்னாடி ஒரு நாள்ல ஆறு பக்கம் போகும். இப்ப ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். அதுவும் படிச்சா எனக்கே பிடிக்கல. வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்சினைன்னு சொன்னாங்களே?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதானே. என் பெண்டாட்டி துடைச்சுத் தள்ளிட்டா என்று.

"பழசாயிடுச்சும்மா. மாத்த வேண்டியதாப் போச்சு" என்றார்.

அப்படித்தான் சொன்னார். மாத்த வேண்டியதாப் போச்சு.

முடித்த அத்தியாயங்களை அடுத்தவருக்கே கொடுத்துவிடச் சொன்னார். அவருக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் தூக்கிப் போடட்டும். பேர் வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்

கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பித் தரச் சொன்னார். நான்தான் அனுப்பினேன். அனுப்பு என்பதை அழுத்த இந்தத் தடவை கை எழவில்லை.

மார்ச் 19, புதன்

நாவலில் ஒரு இடம். கப்பல் சமையல்காரன் கரைக்கு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பான். ஜனவரியில் அதை எனக்குப் படித்துக் காட்டியபோது இவரே சிரித்து முடிக்க முடியாமல் இருமினார். அது அச்சில் வரும்போது என்னவாக இருக்கும்? இன்னொருவர் இவ்வளவு சிரிப்பாரா? இதெல்லாம் எனக்கு எதற்கு இப்போது.

இவர் பகலெல்லாம் ரேடியோ கேட்கிறார். நன்றாகத்தான் பேசுகிறார், சாப்பிடுகிறார். கணினிமேல் தூசி. துடைக்கப் போனேன். துடைக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

கண் ஆஸ்பத்திரியில் பழக்கமான நண்பர் ஒருவர் உண்டு. ரிட்டையர்டு டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பேரும் ஆபரேட்டர்தான் எங்கள் வீட்டில். நான் வேலையிலிருந்து வரும்போது இரண்டு பேரும் ஃபோனில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே செருப்போடு நின்று கேட்டேன். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு.

"நிஜமாவா? முதல்ல இருந்தேவா? அப்ப நீங்களே போட்டீங்களா, யாரும் இல்லாம?" என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் (காலடி கேட்டதும்) பேச்சு வேறு பக்கம் போனது. என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் டீயோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு பென் டிரைவ் போட்டுத் தரணும். லினக்ஸ்லயே டெபியன்னு ஒண்ணு இருக்காமே."

"இருக்கு."

"அதை நிறுவுறப்பவே குரல் வருமாம். ஆரம்பத்துல ஒரு பீப் கேக்குமாம். கேட்டதும் எஸ் அழுத்தி என்டர் தட்டினா, அதுக்கப்புறம் அதுவே ஒவ்வொரு கேள்வியாப் படிச்சுக் காட்டுமாம், நம்பரை அடிச்சுப் பதில் சொல்லணுமாம். ஆபரேட்டர் அப்படித்தான் போட்டுக்கிட்டாராம். தனியா."

எனக்கு அது தெரியும். வருஷக்கணக்காக அந்த மெனுவைப் பார்க்கிறேன். அதில் கடைசியில் குரலோடு நிறுவு என்று ஒரு வரி இருக்கும். நான் ஒரு நாளும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை. தேவைப்பட்டதில்லை என்று நினைத்திருந்தேன்.

"நான் போட்டுத் தரட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"பென் டிரைவ் மட்டும்" என்றார். சிரித்துக்கொண்டுதான்.

ஏப்ரல் 5, சனி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார். ஆபரேட்டர் ஃபோனில். நான் கட்டிலில், கையைக் கட்டிக்கொண்டு.

பீப் வந்தது. எஸ். என்டர். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. திரையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு குரல் வந்தது. அதே தகரக் குரல். எந்த மொழி, எந்த நாடு, எந்த கீபோர்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, இவர் நம்பரை அடித்துக்கொண்டே போனார். வைஃபை பாஸ்வேர்டில் இரண்டு தடவை தவறினார். "பொறுமைய்யா, ஓட்டப் பந்தயமா இது?" என்றார் ஆபரேட்டர். கணினிக்குப் பேர் கேட்டது. ஏதோ அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். என்ன என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு டிஸ்க்.

எப்படிப் பிரிப்பது என்று வரிசையாகப் படித்தது. முழு டிஸ்க்கையும் பயன்படுத்துவது முதலாவது. அதைக் கொடுத்தார். இன்னும் ஏதேதோ கேட்டது. கடைசியில் எச்சரிக்கை: இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எழுதட்டுமா?

இவர் விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இதுல உன்னோடது ஏதாவது இருக்கா?"

நான் திரையில் இருந்த அந்த எச்சரிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இருக்கியா? உன்னோடது ஏதாவது இருக்கான்னு கேட்டேன். இருந்தா எடுத்து வச்சுக்கோ, அவசரமில்ல."

"இல்லைங்க" என்றேன். "ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒளிஞ்சிருக்கிற ஃபோல்டர் ஏதாவது?"

குத்திக் காட்டவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். நிஜமாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். இவர் காதைப் பற்றித் தெரிந்தும் அப்படி நினைத்தேன் பார்.

திரும்பி வந்தபோது நிறுவிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாலையில் முடிந்தது. இரண்டாவது முயற்சியில். முதலாவதில் எங்கேயோ தப்பான எண். "தப்பும் என்னோடதுதான்" என்றார், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாவலை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டாராம். இவர் முடித்ததைப் படித்துவிட்டு, நடை தனக்கு ஒத்து வராது என்று முதலிலிருந்து செய்கிறாராம். பதிப்பக அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர், "நியாயம்தானே, நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார்.

அந்தச் சமையல்காரன் போய்விட்டான். இவர் சிரித்த தமிழில் அவனை யாரும் படிக்கப் போவதில்லை. அதை எதைக் கொண்டும் என்னால் நிறுவ முடியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மேஜையைத் துடைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான்.

போய்ப் பார்த்தால் மானிட்டரைக் காணோம். பெட்டி, கீபோர்டு, ஹெட்போன், டீ டம்ளர். அவ்வளவுதான். மானிட்டர் இருந்த இடத்தில் சுவர்.

"எங்கே அது?"

"அலமாரிக்கு மேல. இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. இவ்வளவு நாளா அது யாருக்கு எரிஞ்சுதுன்னு யோசிச்சுப் பாத்தேன்."

எனக்குத்தான். வேறு யாருக்கு? போகிற வருகிறபோதெல்லாம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எத்தனையாவது பக்கம், என்ன எழுத்துப் பிழை என்று சொல்லிவிட்டுப் போவேன். உதவி என்று நினைத்துக்கொண்டு. இனிமேல் எனக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பதிப்பகம் சின்னதாக ஒன்று கொடுத்திருக்கிறது. குழந்தைகளுக்கான பூச்சிகள் புத்தகம். மெலிசு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போகிறது, சில நாள் ஒன்றரை. விசைகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறார். ஆபரேட்டரும் இவரும் ஃபோனில் இதைத்தான் பேசுகிறார்கள், சமையல் குறிப்பு மாதிரி.

நான் இன்னும் அங்கேயே நிற்பது தெரிந்திருக்க வேண்டும். ஹெட்போன் வயரை உருவினார். தகரக் குரல் அறைக்குள் வந்தது.

"உக்காரு. கேட்டுப் பாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு வண்டு தன் முட்டையை எங்கே ஒளித்து வைக்கிறது என்று படித்தது. நல்ல தமிழ். இவர் தமிழ். நடுவில் அந்த வண்டுக்குச் செல்லப் பேர் ஒன்று வந்தது, டிங்கு. அந்தத் தகர நாக்கில் அது திங்கு என்று விழுந்தது.

"கேட்டியா? தின்னச் சொல்லுது" என்று சிரித்தார். நிறுத்தினார். ஏதோ திறந்து, ஏதோ அடித்து, மறுபடி ஓடவிட்டார்.

"இப்ப?"

சுவரைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன். "சரியாக் கேக்கல."